கண்ணுக்குள் நிற்பவன்

அகரத்தில் அந்த வீட்டில் முகம் பார்க்கக் கண்ணாடி கிடையாது. கல்யாணமாகி வந்த மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு பொன்னழகு வீடு முழுக்கத் தேடினாள். கூடத்துச் சுவரில் ஓர் ஆணி மட்டும் இருந்தது. அதன் கீழே சதுரமாக ஓர் இடம், மற்றச் சுவரைவிட வெளுப்பாக. யாரோ கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார்கள். மல்லிகைத் தோட்டம், பம்புசெட்டு, ரெண்டு ஜோடி மாடு, போதாததற்குப் புதிதாகக் கரண்டு வேறு இழுத்திருக்கிறார்கள். இத்தனை இருக்கிற வீட்டில் ஒரு கண்ணாடிக்கா பஞ்சம்?

புருசன் சோலைமுத்துவிடமே கேட்டாள். அவன் கையில் சீப்போடு பக்கத்தில் வந்து நின்றான்.

"கண்ணாடி எதுக்கு புள்ள? அதுக்கு எம்மேல ஆசையா, பாசமா? உங்கண்ணுல பாத்தாத்தான் நான் நானா இருக்கேன்."

இப்படி ஒருத்தன் சொன்னால் எந்தப் பெண்தான் உருகமாட்டாள்? சித்தையன்கோட்டைக்குப் பெண் பார்க்க வந்த அன்றும் அவன் இப்படித்தான். காபித் தம்ளரை நீட்டியவளின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். காபி ஆறி ஆடை படிந்துவிட்டது. பெண்டுகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தங்கச்சி முத்துப்பேச்சி கல்யாணம் வரைக்கும் கேலியை விடவில்லை. "ஏக்கா, மாமா உங்கண்ணுக்குள்ள என்னத்தத் தொலைச்சாராம்?" அந்தப் பார்வை ஒன்றை நம்பித்தான் பொன்னழகு இந்த வீட்டுப் படி ஏறினாள்.

தினமும் காலையில், பூக்கூடைகள் திண்டுக்கல் சந்தைக்குக் கிளம்புமுன், அவளை வாசல்படியில் கிழக்குப் பார்க்க நிறுத்துவான். மோவாயை விரலால் நிமிர்த்துவான். தேங்காயெண்ணெய் வாசமும் மொட்டு மல்லிகை வாசமும் அவன் மூச்சோடு கலந்து அவள் முகத்தில் அடிக்கும். எண்ணெய் முடிக்குள் சீப்பு இறங்கும் சத்தம், சரக், சரக் என்று, நெற்றிக்கு வெகு அருகில் கேட்கும். வகிடு எடுப்பான், மீசையை ஒதுக்குவான், இப்படியும் அப்படியும் திரும்பி ஒரு சிரிப்புச் சிரிப்பான். முதல் மாதமெல்லாம் அவளும் பதிலுக்குச் சிரித்தாள்.

"சிரிக்காத புள்ள. கண்ணு சிறுசாயிருது."

அம்மா நினைப்பு வந்து ஒருநாள் அழுதாள். "அழுவாத, மீசை கலங்கித் தெரியுது" என்றான். அவள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவரவில்லை. சீப்போடு வந்தான். மூடியிருந்த இமைகளைக் கட்டைவிரலால் விலக்கிக்கொண்டு தலை வாரினான். அந்தக் காய்ச்சலிலும் அவளுக்கு ஒன்று உறைத்தது: அவன் சிரிப்பு அவளிடம் வந்து சேர்வதே இல்லை. அதற்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நின்றுவிடுகிறது.

பின்கட்டில் அங்காளம்மாள் இருந்தாள். சோலைமுத்துவின் அக்கா, புருசன் செத்து வந்துவிட்டாள், கண்ணும் போய்விட்டது என்று சொல்லித்தான் காட்டியிருந்தான். சுண்ணாம்பு தடவியதுபோல இரண்டு கண்ணும் வெளுத்திருக்கும். துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து, நாள் முழுக்கக் கைத்தடவலிலேயே பூக்கட்டுவாள், பேச்சே கிடையாது. ஒரு நாள் தானாகக் கேட்டாள்.

"இன்னைக்கும் பாத்தானா?"

"பாத்தாரு மதினி."

"போயிட்டானா?"

"செத்த முந்திதான் பூவை ஏத்திக்கிட்டு திண்டுக்கல்லுக்குப் போனாரு."

பூக்கட்டும் விரல்கள் நின்றன. "உள்ள இருந்துமா போயிட்டான்?"

என்ன பேச்சு இது என்று பொன்னழகுக்குப் புரியவில்லை. உலை வைக்க அடுப்படிக்கு வந்துவிட்டாள்.

ஆடியில் வளையல்காரி சர்புன்னிசா வந்தாள். களத்து மேட்டில் பெட்டியை இறக்கித் திறந்தாள். மூடியின் உள்பக்கத்தில் உள்ளங்கையகலம் கண்ணாடி. எத்தனை மாதமாயிற்று தன் முகத்தைப் பார்த்து! பொன்னழகு ஆசையாகக் குனிந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நெற்றிப்பொட்டு கோணல். பிறகு கண்ணைப் பார்த்தாள்.

கருவிழிக்குள் ஓர் ஆள் நின்றான்.

சடாரென்று திரும்பினாள். வெயில், வைக்கோல், கட்டிப்போட்ட கன்றுக்குட்டி. வேறு யாருமில்லை. சோலைமுத்து சந்தையில் இருக்கிறான். பொழுது சாயத்தான் வருவான். மறுபடி குனிந்தாள். வலது கண்ணிலும் நின்றான், இடது கண்ணிலும் நின்றான். மிளகளவு ஆள். வெள்ளைச் சட்டை. கையில் சீப்பு. நிதானமாக வகிடு எடுத்துக்கொண்டிருந்தான். அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"என்ன தாயி, உன் மூஞ்சி உனக்கே மறந்துபோச்சா?" என்றாள் சர்புன்னிசா. பொன்னழகு பெட்டி மூடியைப் படாரென்று சாத்தினாள். வளையல் வாங்கவில்லை.

அதற்கப்புறம் விளக்கைச் சுற்றிப் புகை தெரிய ஆரம்பித்தது. அரிசியில் கல் தெரியவில்லை. தோட்டத்து மறுகரை பஞ்சாகக் கரைந்தது. சீப்புச் சத்தம் மட்டும், வீட்டில் ஆளில்லாத மத்தியானத்திலும், சரக், சரக்.

ஒரு வெள்ளிக்கிழமை அங்காளம்மாளுக்கு முதுகு தேய்த்துவிட்டாள். கழுத்தில் அழுக்குக் கயிறு ஒன்று விரலில் சிக்கியது. இழுத்துப் பார்த்தாள். தாலி. புருசன் செத்தவளுக்கு ஏது தாலி? கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனாள். நடுவில் மீன், ரெண்டு பக்கமும் பொட்டு. இந்த வீட்டு வகையறா மருமகளுக்கு மட்டும் கட்டுகிற தாலி. அவள் கழுத்திலும் அதுதான் தொங்கியது.

"மதினி... இது..."

"நான் வந்தப்ப இதே கல்லுல ஒருத்தி உக்காந்திருந்தா," என்றாள் அங்காளம்மாள். "அவள நானும் மதினின்னுதான் கூப்பிட்டேன்."

அடப்பாவி! அக்காவாம், அக்கா! ஊருக்கே தெரிந்திருக்கும், ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தக் காபி ஆறின நேரம்? அதுவும் பொய்யா? அவளை ஒருநாள், ஒரே ஒருநாள், பார்த்ததே இல்லையா?

அன்று சாயங்காலம் அவன் அவள் முகத்தை விளக்குப் பக்கம் திருப்பினான். உச்சுக்கொட்டினான்.

"மங்கிப்போச்சு." பால் திரிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னான். "உன் தங்கச்சிய வரச்சொல்லி ஆளனுப்பியிருக்கேன். நாளைக்கு வந்துருவா, நானும் சந்தைக்குப் போகல. ஒனக்கும் ஒத்தாசையா இருக்கும்ல? அவளுக்கும் ஒன்னைய மாதிரி பெரிய கண்ணுதான?"

"அவ வேணாம்! அவ வரக்கூடாது!"

அவன் காதில் விழவே இல்லை. இன்னும் கொஞ்சம் வெளிச்சம் படும்படி அவள் மோவாயை நிமிர்த்தினான்.

விடிந்ததும் முதல் ஆளாக ரோட்டுக்கு ஓடி, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தங்கச்சியைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அந்த ஒரே நினைப்போடு படுக்கையில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருந்தாள். சேவல் கூவியது. பூ வண்டியின் மணிச் சத்தம் வாசலைக் கடந்தது. சன்னல் வழியாக வெயில் கன்னத்தில் சுட்டது.

விடியவில்லை.

கண்ணைக் கசக்கினாள். இருட்டு. இருட்டுக்கு நடுவில் அவன். வெள்ளைச் சட்டை. சீப்பு. இமையை மூடினாள். அப்போதும் நின்றான். சுவரைத் தடவிக்கொண்டு எழுந்தாள். நிலைப்படி இடறியது. விழுந்தாள். எந்தப் பக்கம் வாசல்? தெரியவில்லை.

வளையல் சத்தம். வாசலில்.

"அக்கா! நான் வந்துட்டேன்!"

"முத்துப்பேச்சி! உள்ள வராத! அவரு மூஞ்சியப் பாக்காத, ஓடிரு!"

தங்கச்சி கலகலவென்று சிரித்தாள். கல்யாண வீட்டுக் கேலி என்று நினைத்துவிட்டாள்.

"போக்கா! மாமா என்ன இப்புடிப் பாக்குறாரு? எங்கண்ணுல என்னத்தத் தொலைச்சாரு?"

"சிரிக்காத புள்ள," என்றது அவன் குரல். "கண்ணு சிறுசாயிருது."

பொன்னழகுக்குள் சீப்பு நின்றது. உள்ளே நின்றவன் அதைச் சட்டைப் பையில் செருகினான். முதல்தடவையாக முதுகைக் காட்டினான். நடந்தான். ஒருதரம்கூடத் திரும்பவில்லை. அவன் போன பிறகு உள்ளே எதுவும் இல்லை.

வாசலில், சரக். சரக்.

பின்கட்டில் அங்காளம்மாள் கல்மேல் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.