எலும்புச் சாம்பல் கிண்ணங்கள்

முந்தின நாள் துடைத்து அடுக்கிய கிண்ணங்கள் அன்று மதியம் வியர்த்திருந்தன.

கல்லூரி அருங்காட்சியகத்தின் நிலவறையில், கையுறையோடு ஒன்றை எடுத்த சிவகௌரிக்கு அது தண்ணீர் என்றுதான் முதலில் தோன்றியது. விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். வழுக்கியது. ஆறிப்போன சூப்பின் மேல் படியும் ஆடையைப் போல் வெள்ளையாய், தடிப்பாய்க் கொழுப்பு. நூறு வருடங்களுக்கு மேலாக உலர்ந்து கிடந்த சாம்பலில் கொழுப்பு எங்கிருந்து வரும்?

கண்காட்சிக்குப் பொறுப்பான பிறேமினி கீழே வந்தபோது அதைக் காட்டினாள்.

"ஈரமா இருக்கும். மழை விடாமப் பெய்யுதல்லோ," என்றாள் பிறேமினி. "பின்னேரம் ஆக்கள் வரத் துவங்கிவிடுவினம். அதுக்குள்ள காயவைக்க ஏலுமே?"

"ஏலும் அக்கா. ஆனா இது என்ன எலும்பு?"

"உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே? மனுசன்ர சொந்தக் கால்."

கண்காட்சியே அந்த மனிதரைப் பற்றியதுதான். பேராசிரியர் எலியாஸ் தோர்ன்பி. கொல்லனுக்கு மகனாகப் பிறந்து, ஜெர்மனியில் வேதியியல் படித்து, லண்டனில் இதே கல்லூரியில் உலோகவியல் கற்பித்தவர். ஈயம் கலந்த வெள்ளியை எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் இட்டுக் காய்ச்சினால், ஈயத்தைக் கிண்ணம் குடித்துவிடும். சுத்த வெள்ளி ஒரு மணியாக மிஞ்சும். அதுதான் அவருடைய வித்தை. மாட்டெலும்பில் அவருக்குத் திருப்தியில்லை. உலையிலிருந்து உருகிய ஈயம் கொட்டிக் கால் வெந்து, மருத்துவர்கள் அதை முழங்காலோடு வெட்டியபோது, வெட்டியதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாராம். எரித்தார். அரைத்தார். கிண்ணங்கள் வார்த்தார். அதற்குப் பிறகு அவருடைய சோதனை தவறியதேயில்லை. பதக்கம் வந்தது, பதவி உயர்ந்தது.

"பிறகு அந்தச் சாம்பல் முடிஞ்சுபோச்சு," என்றாள் பிறேமினி. "மற்றது நல்ல கால், ஒரு வருத்தமும் இல்லை. அதையும் வெட்டுவிச்சவர். கடைசி வருசங்களில அவரைக் கூடையில தூக்கிவந்துதான் வகுப்பு மேசையில வைக்கிறவையாம்."

பிறேமினி மேலே போனதும், சிவகௌரி கிண்ணங்களைத் தட்டில் பரப்பி உலர்த்தும் அடுப்புக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

முதலில் ஈரத்துணி நாற்றம் வந்தது. பிறகு மயிர் கருகும் நாற்றம். அதற்கும் பிறகு, குளிரூட்டியின் இரைச்சலோடு சேர்ந்து அந்தத் தாழ்ந்த கூரையின் கீழ் மெல்லப் பரவி, அவளது தலைமயிரிலும் மேற்சட்டையிலும் ஒட்டிக்கொண்டது நெய்ப்பசையுள்ள ஓர் இறைச்சி வாசம். கையுறையைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். நகத்தடியில் பிசுக்கு போகவில்லை. பிறந்ததிலிருந்து மச்சம் மாமிசம் தொடாதவள் அவள். ஆனால் வாயில் நீர் ஊறியது. தொட்டிக்குள் துப்பினாள். மறுபடி ஊறியது. இனித்தது.

தன் நாக்கையே அருவருத்தாள்.

அடுப்புக்குள் ஏதோ பொரியும் சத்தம். கை தாங்கும் சூடுதான் வைத்திருந்தாள். அதில் எதுவும் பொரியாது.

பொரிந்தது.

கதவைத் திறந்தாள்.

தட்டில் கிண்ணங்கள் இல்லை. ஒன்றோடொன்று இளகி ஒட்டிய ஒற்றைத் திரள். வெளிறிய சதை. மயிர்க்கண்கள். வெடித்த குதிகால். ஈரமான மஞ்சள் மயிர். சதையைப் பிளந்துகொண்டு வெளிவரும் ஒரு நகம்.

"என்ன வாசம் இது?" வாசலில் பிறேமினி. "பசியைக் கிளப்புது."

"கிட்ட வராதேங்கோ அக்கா."

பிறேமினிக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. நேரே வந்தாள். சட்டியில் பதம் பார்ப்பவளைப் போல் இரண்டு விரலால் குதிகாலில் கிள்ளினாள். பிய்ந்து வந்தது. வாயில் போட்டாள். மென்றாள். கொழுப்பு உதட்டிலிருந்து நாடிக்கு வழிந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகவேணும்," என்றாள்.

தட்டில் இருந்த கால்விரல்கள், வலி தாங்காமல், ஒவ்வொன்றாகச் சுருண்டன.