சுழலும் கலனில் ஆடை

கலக்கிக்கொண்டே இருக்கும் பாலில் ஆடை படியாது. பால் காய்ச்சத் தெரிந்த யாருக்கும் இது தெரியும். ஆனால் புரொஃபசர், நொதிக்கலனின் வட்டக் கண்ணாடியில் மூக்கை ஒட்டி வைத்துப் பார்த்தபோது, உள்ளே துடுப்பு கடகடவென்று சுழலும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, வெளிறிய மஞ்சள் திரவத்தின் மேல் ஓர் ஆடை அசையாமல் கிடந்தது.

"யோவ்!" என்று கத்தினான்.

புரொஃபசர் என்பது சீஸ் ஆலைத் தொழிலாளர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். அது காதில் விழுந்த அன்று, கிண்டல் என்று புரியாமல், ஒருவழியாக இந்தக் கூட்டத்துக்கு மரியாதை தெரிந்துவிட்டது என்று மகிழ்ந்துபோனவன் அவன்.

ஆபரேட்டர் வாய் நிறைய பிஸ்கட்டோடு ஓடிவந்தார்.

"கலக்கியை எப்பய்யா நிறுத்தின?"

"நிறுத்தவே இல்ல சார். காலையிலேர்ந்து ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

"அப்ப இது என்ன? மண்டையில என்ன களிமண்ணா?"

இதைச் சொல்லும்போதெல்லாம் அவன் உதட்டின் இடது ஓரம் மட்டும் மேலே சுழித்துக்கொள்ளும். ஆபரேட்டர் கண்ணாடியைப் பார்த்தார், அவன் முகத்தைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். வாயில் இருந்ததை மெல்லாமலே விழுங்கிவிட்டு, "தெரியலீங்க சார்," என்று ஒதுங்கிக்கொண்டார்.

தெரியாதுதான். இவர்களுக்கு என்ன தெரியும்? சீஸ் பிரிந்தபின் மிஞ்சும் தண்ணீரைப் பின்பக்கக் குட்டையில் கொட்டி, அந்த நாற்றத்திலேயே வாழ்ந்தவர்கள். ஆலை முதலாளி அவனுடைய மச்சான், மனைவியின் அண்ணன். நாற்றம் பொறுக்காமல் மூக்கைப் பொத்தியதைத் தவிர அவர் ஒன்றும் செய்ததில்லை. அந்தத் தண்ணீரில் இருக்கும் சர்க்கரையைத் தின்று, மனிதத் தோலுக்கு உறுதி தரும் புரதத்தைக் கக்கும் பாக்டீரியாவை உருவாக்கி, இந்தக் கலனில் வளர்ப்பவன் புரொஃபசர். முகப்பூச்சு செய்கிறவர்கள் அதற்காகக் கியூவில் நிற்பார்கள். அந்தப் புரதத்துக்கு வேண்டிய மரபணுவை வெளியே வாங்கலாம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். எல்லாரும் செய்வதைச் செய்ய அவன் என்ன இளிச்சவாயனா? தன் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் சுரண்டித் தன் மரபணுவையே அதற்குள் வைத்தான். அடுத்தவன் தோலை விற்க அவன் படிக்கவில்லை.

கையுறை போடாமலே மேல்மூடியைத் திறந்தான். கையுறை, தன் கையை நம்பாதவனுக்கு. ஆவி முகத்தில் அடித்தது. வழக்கமான புளித்த வாடை இல்லை. எண்ணெயும் வியர்வையும் ஊறிய, நாள்பட்ட தலையணை உறையின் வாடை. அவனுடைய தலையணை. அகப்பையால் ஆடையை வழித்து உள்ளங்கையில் போட்டுக்கொண்டான். பாலாடைபோலப் பிய்ந்துவரவில்லை. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கியது. குழல்விளக்கின் அடியில் பிடித்துப் பார்த்தபோது அதில் நுண்ணிய ரேகைகள் ஓடின, ஊசித் துளைகள் தெரிந்தன, ஒரு துளையிலிருந்து சின்னதாக ஒரு கறுப்பு மயிர் எட்டிப் பார்த்தது.

அந்த பாக்டீரியா புரதம் என்ற நூலைத்தான் தரும்; தோல் என்ற துணியை நெய்யாது. அது அவனுக்கு அடிப்படைப் பாடம். எவனோ அழுக்குக் கையை விட்டிருக்கிறான் என்று திட்டியபடி கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டான். துடைப்பதற்கு முன், ஆடையின் இடது ஓரம் மெல்ல மேலே சுழித்ததைப் பார்த்தான். பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டான்.

பாக்டீரியாவை முதலில் வளர்த்து உறைமோர்போல எடுத்துவைத்த தாய்க்கலவை சுத்தமாக இருக்கும், அதிலிருந்து புதிதாகத் தொடங்கிவிடலாம். அது வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்தது. ஆலை ஃப்ரிட்ஜில் சோற்று டப்பாக்களுக்கு நடுவே வைக்க அவனுக்கு அருவருப்பு. சீசாவில் பெயரும் ஒட்டவில்லை. ஒட்டினால் மச்சான் ஆள் வைத்துத் திருடிவிடுவாராம். மனைவிக்கு ஃபோன் போட்டான்.

"ஃப்ரிட்ஜ் மேல்தட்டுல ஒரு சீசா இருக்குல்ல, அதை யாரும் தொடக் கூடாது. நான் வர்றேன்."

"எது, அந்தப் பால் சீசாவா? அதுல கெட்டியா ஆடை கட்டியிருந்துச்சுங்க. நம்ம பாப்பாதான் ஆடைன்னா உயிரையே விடுவாளே. சர்க்கரை தூவிக் குடுத்தேன், தட்டை நக்கிட்டா."

ஃப்ரிட்ஜின் குளிரில் அது வளராது. வளரவே கூடாது.

"என்னங்க? என்ன அது?"

"சொன்னா உனக்குப் புரியாது," என்றான். பழக்கதோஷம். "வாந்தி எடுக்க வை," என்று சொல்லியிருக்க வேண்டும், "டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் வழக்கம்போல இணைப்பைத் துண்டித்திருந்தான். மறுபடி அடித்தபோது அவள் எடுக்கவில்லை.

அந்தி மங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு விரைந்த காரின் கண்ணாடியைத் துடைப்பான் வழித்து வழித்து விட, வழித்த இடத்திலெல்லாம் மெல்லிய படலம் ஒன்று திரும்பத் திரும்பப் படிவதுபோல் இருந்தது. உள்ளங்கை அரித்தது. அவன் பார்க்கவில்லை. உலகத்தில் அவன் ஏளனம் செய்யாத ஒரே உயிர் பாப்பாதான். அவள் "அப்பா" என்று கூப்பிட்டால் மட்டும் அந்த உதடு சுழிக்காமல் சும்மா இருக்கும். அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது. கடவுள் நம்பிக்கையில்லாதவன், யாரிடம் என்று தெரியாமலே கெஞ்சினான்.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஈரத்துண்டு.

"துடைக்கத் துடைக்கப் போகமாட்டேங்குதுங்க. பாப்பா பேசவும் மாட்டேங்குறா."

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். சமையலறையில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. விளக்குப் போடவில்லை; கூடத்து வெளிச்சம் மட்டும் சாய்ந்து விழுந்தது. தலையணை உறையின் வாடை. பாப்பா அவனுக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். தரையைத் தொடாத கால்கள் ஆடவில்லை. மேசையில் காலித் தட்டு. சர்க்கரைத் துகள்கள்.

"பாப்பா. அப்பா வந்துட்டேன்டா."

திரும்பினாள்.

கண்கள் அவளுடையவை. அழுது சிவந்த கண்கள். மூக்கும் அவளுடையதுதான். மேலுதட்டில் வெள்ளையாகப் பால் ஒட்டியிருந்தது. அவ்வளவுதான், பால்தான். மண்டியிட்டான். கைக்குட்டையால் துடைத்தான். போகவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிள்ளி இழுத்தான்.

வலித்தது. அவனுக்கு. அவன் உதட்டில்.

கையை எடுத்தான். விரல் அவள் முகவாயில் உரசியது. சொரசொரப்பு. நேற்றுச் சவரம் செய்த தாடையின் சொரசொரப்பு. அதன் நடுவே முடி முளைக்காத ஒரு கோடு. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்தபோது அவன் முகவாயில் போட்ட தையலின் தழும்பு.

"பாப்பா, வாயைத் தொற. அப்பான்னு சொல்லு."

அவள் தொண்டை அசைந்தது. சொல்லப் பார்த்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி, அந்தத் தோலின் விளிம்புவரை வந்து, உள்ளே உறிஞ்சப்பட்டது.

வாய் திறக்கவில்லை.

கண்கள் அவனைப் பார்த்துக் கதறின. அவற்றுக்குக் கீழே, மெல்ல, மிக மெல்ல, உதட்டின் இடது ஓரம் மட்டும் மேலே சுழித்தது.