படகுக்காரர் மூழ்கிய இடம்

குல்சும் கதவைத் திறந்தபோது, வாசலில் தொப்பியோடு நின்ற லூயிஸ் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாப்பூரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரமே பிறந்து வளர்ந்தவர், வயது அறுபத்தெட்டு.

"போன் வந்துகினே கீதும்மா. யாருன்னு தெரில. வூட்ட வித்துட்டுப் போ, இல்லாட்டி உன் பேரன் கால்வாயில கெடப்பான்றான்."

ஓய்வுபெற்ற குற்றப்பிரிவு ஆய்வாளரான குல்சும் அவரை உட்காரவைத்தார். முன்பு குல்சுமிடம் காவலராக இருந்த ஷீலா, நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவன் சொன்னதை அப்படியே சொல்லுங்க," என்றார் குல்சும்.

லூயிஸ் குரலைத் தாழ்த்தினார். "'அறுபத்து நாலுல உங்கப்பன் என் தாத்தாவ ரயில் தூண் பக்கத்துல தண்ணியில அமுக்கிக் கொன்னான்'னு சொன்னான்."

"நம்புறீங்களா?"

"அன்னிக்கு அப்பா சொட்டச் சொட்ட நனைஞ்சு வந்தாரு. யாரோ படகுக்காரர் செத்துட்டார்னு அம்மா அழுதாங்க. அப்பா சாகிறவரைக்கும் வூட்ல அதப் பத்தி வாயத் தொறக்கல. போன வாரம் நம்ம பேட்டை வரலாறு பேசுற கூட்டத்துல நான் இவ்ளோதான் சொன்னேன்."

"அங்க இருந்தவங்கள்ல உங்க வீட்டை விலைக்குக் கேட்டவங்க யாரு?"

"மரக்கடை அக்பர் பாஷா, பரம்பரையா இங்கதான். அப்புறம் புகழேந்தி, அஞ்சாறு வருஷம் முன்னாடி வடபழனிலேந்து வந்தவரு."

"பாஷாதான் மேடம்! பழைய கதை அவருக்குத்தானே தெரியும்?" என்றார் ஷீலா. குல்சும் இருவர் பெயரையும் குறித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அந்த இருவரையும் கால்வாய்க் கரைக்கு வரவழைத்தார். தலைக்கு மேலே, கால்வாயில் ஊன்றிய தூண்கள் மீது பறக்கும் ரயில் கடகடத்துப் போனது. கீழே கறுத்த நீர் அசையாமல் கிடந்தது. கூட வந்த லூயிஸ் கரையை நெருங்கவேயில்லை.

"அந்தப் படகுக்காரர் எந்த இடத்துல மூழ்கினார்?" என்று குல்சும் கேட்டார்.

புகழேந்தி முந்திக்கொண்டார். "அதோ, அந்தத் தூண் பக்கம். லூயிஸ் சார் கூட்டத்துல சொன்னாரே."

அக்பர் பாஷா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா பேசுற? அப்போ தூணு ஏது? ரயிலு தொண்ணூறுக்கு அப்பால வந்துது."

"லூயிஸ் கூட்டத்துல இடமே சொல்லல," என்றார் குல்சும் அமைதியாக. "தூணைப் பத்திச் சொன்னது போன்ல மிரட்டினவன் மட்டும்தான். இங்கேயே வளர்ந்தவங்க அந்தத் தப்பைப் பண்ணமாட்டாங்க. பயத்துல லூயிஸுக்கு 'கொன்னான்'ங்கிறது மட்டும்தான் மனசுல நின்னிருக்கு, தூணைப் பத்தி யோசிக்கல."

புகழேந்தியின் முகம் வெளிறியது. "சும்மா பயமுறுத்தத்தான்..." என்று இழுத்தார். ஷீலா அவர் வழியை மறித்து நின்று காவல் நிலையத்துக்குப் போன் செய்தார்.

லூயிஸ் பாஷா பக்கம் திரும்பினார். "பாய், அப்பா நெஜமாவே கொன்னாரா?"

"அட இன்னாப்பா நீ! ஆளு முழுகுறான்னு கத்துனதும் மொதல்ல குதிச்சதே உங்க நைனாதான். ரெண்டு தபா முங்கினாரு. தலமுடி கைக்கு வந்துதாம், நழுவிப்போச்சாம். அதச் சொல்லிச் சொல்லி எங்க நைனாகிட்ட அழுதாரு."

லூயிஸ் தண்ணீரின் பக்கம் திரும்பினார். "அந்தப் படகுக்காரர் பேரு இன்னா பாய்?"

"மஸ்தான்."

லூயிஸ் மெல்ல நடந்து கரை விளிம்புக்குப் போனார். தொப்பியைக் கழற்றினார்.