முதல் தட்டு

காலை ஆறு மணிக்கெல்லாம் வேலிமுனையில் எல்லா வீட்டிலும் இட்லித் தட்டு அலம்பும் சத்தம் கேட்கும். மாவு என்னவோ ஒன்பது மணிக்குத்தான் வரும். சவேரியம்மாள் வீட்டில் ஒருவர் சாப்பிட்டு மூன்று மணி நேரம் நன்றாக இருந்து காட்ட வேண்டுமே!

அவள் நொதிக்கூடத்தின் தலைமைப் பொறியாளர். நெல் விளைவது நின்ற பிறகு அவளுடைய தொட்டிகளில் வளரும் பூசணம்தான் ஊருக்குச் சோறு போட்டது. சீமைக்கருவேலத் தூளை நொதிகளால் உடைத்துத் தின்று கொழுத்து மாவாகிவிடும். ஆனால் சூடு தாங்காவிட்டால் ஈரலைக் கெடுக்கும் நஞ்சைச் சுரக்கும். அவித்தாலும் அது போகாது. அதனால்தான் அந்தச் சட்டம்: தொட்டியைப் பார்ப்பவர் வீட்டில் ஒருவர் முதல் தட்டைச் சாப்பிட்டாக வேண்டும். பதினோரு வருடத்தில் அவள் வீட்டில் யாருக்கும் வயிறுகூட வலித்ததில்லை. அதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

நேற்று மதியம் தொட்டிகளின் குளிரூட்டி நாற்பது நிமிடம் நின்றுபோனது. மாவில் நஞ்சை அளக்கும் நச்சுமானி சுழியம் காட்டியதும் மாவை அனுப்பத் தயங்காமல் கையெழுத்துப் போட்டாள்.

இன்று மகள் ரெஜினாவின் முறை. பதினெட்டு முடிந்து இதுதான் முதல் தடவை. அவள் இட்லியைப் பிட்டதும் சவேரியம்மாள் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஏம்மா? மீட்டர் ஜீரோதானே?"

"ஜீரோதான். அதுக்குத் தெரிஞ்ச நஞ்சைத்தான் அது காட்டும். பூசணம் புதுசா ஒண்ணைச் சுரந்தா?"

இது நேற்றும் அவளுக்குத் தெரிந்ததுதான். நேற்று தட்டுக்கு முன்னால் மகள் உட்கார்ந்திருக்கவில்லை.

வட்ட அதிகாரியை அழைத்துத் தொட்டிகளை மூடச் சொன்னாள். அவர் பதறினார். "நாப்பதாயிரம் பேர் மேடம்! ஒரு நாள் பூரா பட்டினி போடுவீங்களா?"

"போடுவேன் சார். நாளைக்கு எல்லாரும் உயிரோட வந்து என்னைத் திட்டட்டும்."

பேசிவிட்டு நிமிர்ந்தபோது அவளுக்கு மனம் லேசாக இருந்தது. சமையலறை வாசலில் கணவன் மிக்கேல் சிரித்தபடி நின்றிருந்தான்.

"குளிரூட்டி இதுக்கு முன்னாடியும் நாலு தடவை நின்னுச்சே. என் தட்டை ஒரு தடவைகூடப் புடுங்கலையேடி?"

கேலியாகத்தான் கேட்டான். அந்த நாலு நாளும் அவன் முறைதான். நாலு தடவையும் இன்னொரு இட்லி வைக்கட்டுமா என்று கேட்டு வைத்தவள் அவள்.