அவள் எழுதாத வரி

அந்த வரியை எதெல்வினா எழுதவில்லை.

‘அம்மா, தாகமாக இருக்கிறது.’

எழுத்து அவளுடையதுதான். கடைசி எழுத்தின் வாலை இடப்பக்கம் சுழிப்பது முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிவந்த பழக்கம். அதே நீல மை. நேற்று தன் மேசையில் உட்கார்ந்து அவளே எழுதி ஒட்டிய உறை. எர்லிந்தாவின் அடுப்பில் சோள ரொட்டி கருகும் வாசனையும், தகரக் கூரையில் அக்டோபர் மழை இறங்கும் இரைச்சலும், சாலதெனாங்கோ மலைகளுக்கு அப்பால் அரசுப் படையின் பீரங்கி உருளும் ஓசையும் கலந்து வந்த அந்தப் பிற்பகலில், காகிதம் மட்டும் அவள் விரல்களில் ஈரமண்ணைப் போலக் குளிர்ந்தது.

“ஏன் டீச்சர் நிறுத்திட்டீங்க? என்னைத் திட்டி எழுதியிருக்கானா?”

“இல்ல எர்லிந்தா. கண்ணாடி பனிச்சிடுச்சு.”

அந்த வரியைத் தாண்டி வாசித்தாள்.

“உங்ககிட்ட படிச்சப்போ ரெண்டு வரி எழுதச் சொன்னா வயித்துவலின்னு ஓடி வந்துடுவான். பட்டாளத்துக்குப் போனதும் பக்கம் பக்கமா எழுதுறான் பாருங்க!” எர்லிந்தா மாவுக் கையோடு சிரித்தாள்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் எல்லாம். ஆகஸ்டில் வந்த தந்தியை, எழுத்தறியாத எர்லிந்தா இதே சிரிப்போடுதான் அவளிடம் நீட்டினாள். அவள் மகன் மௌரோ இறந்துவிட்டான், உடல் கிடைக்கவில்லை என்று இருந்தது. எதெல்வினா வாசித்ததோ, ‘நலமாக இருக்கிறேன், அம்மா.’ ஒரு வாரம் கழித்துச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். வாரங்கள் போயின. இது ஐந்தாவது கடிதம்.

இறந்தவனுக்கு ஒன்பது நாள் ஜெபம் சொல்வார்கள். பீடத்தின் கீழே, ஆன்மா குடித்துவிட்டுப் போக ஒரு தம்ளர் தண்ணீர் வைப்பார்கள். மௌரோவுக்கு யாரும் வைக்கவில்லை. வைக்கவிடாமல் செய்தவள் அவள்.

ஆறாவது கடிதத்தை மூன்று முறை படித்துப் பார்த்த பிறகே ஒட்டினாள். விடுமுறையில் வருவதாக அதில் எழுதியிருந்தாள். எர்லிந்தாவின் முன்னால் பிரித்தபோது நடுவில் புதிதாக ஒரு வரி.

‘டீச்சர், எதையும் விடாமல் வாசியுங்கள்.’

அதற்குப் பிறகு அவள் எழுதவில்லை. பேனாவையும் மைக்கூட்டையும் இழுப்பறையில் வைத்துப் பூட்டினாள்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின மாலை, மேசைமேல் ஓர் உறை கிடந்தது. ஓரங்களில் செம்மண். உள்ளே அவள் கையெழுத்து.

‘நீங்கள் எழுதியபடியே வந்துவிட்டேன்.’

மழையில் ஓடினாள். இனி சொல்லியே ஆகவேண்டும். எர்லிந்தா பின்வாசலில் குடத்தோடு நின்றிருந்தாள்.

“எர்லிந்தா, கடுதாசியெல்லாம் நான் எழுதினது. மௌரோ ஆகஸ்ட்லயே செத்துட்டான். தந்தியில அதுதான் இருந்துச்சு. தண்ணி வெச்சு ஜெபம் பண்ணணும், இப்பவே...”

எர்லிந்தா திரும்பவில்லை. சிரித்தாள்.

“என்ன டீச்சர் விளையாட்டு? அப்போ இவன் யாராம்? வந்ததுலேருந்து தண்ணி தண்ணிங்கிறான். காலைக்கூடக் கழுவல, கழுதை.”

பாதி திறந்த கதவு. அப்பால் மழை. தோண்டிய மண்ணின் வாடை.

எர்லிந்தா கதவுக்கு வெளியே குடத்தைச் சரித்தாள். தண்ணீர் கொட்டியது.

தரையில் ஒரு சொட்டும் விழவில்லை.

விழுங்கும் சத்தம். விடாமல்.

குடம் காலி.

“இன்னுமா, ராசா?”

கதவின் விளிம்பை நான்கு விரல்கள் பற்றின. நகங்களில் செம்மண். நுனிகளில் நீல மை.