படுக்கையறை, கதவுக்குப் பின்னால் உள்ள சுவர்

அந்தக் கறை சூடாக இருந்தது. மேற்குப் பார்த்த அறை, மதியம் மூன்று மணி, வெயில் பட்ட சுவர் சூடாகத்தான் இருக்கும் என்று அவள் முதலில் நினைத்துக்கொண்டாள். ஒரு சாண் தள்ளிக் கை வைத்துப் பார்த்தபோதுதான் மற்ற சுவர் முழுக்கச் சில்லென்று இருப்பது தெரிந்தது.

படுக்கையறைக் கதவைச் சாத்தினால்தான் அது கண்ணில் படும். கதவு திறந்திருக்கும் வரை, அந்தக் கதவே அதை மறைத்துக்கொண்டிருக்கும். யாரோ வருடக்கணக்கில் அதே இடத்தில் தலையும் தோளும் சாய்த்து நின்றதுபோல, பழுப்பும் சாம்பலுமாக ஒரு பிசுக்கு. அவள் மூக்கைக் கிட்டே கொண்டுபோனாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், எண்ணெய்க்குச் சோடா மாவு என்று எந்தக் கறையையும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். இது என்ன வாடை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. நாள்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தவரின் தலையணை உறையிலிருந்து வரும் வாடை.

தப்பு அவளுடையதுதான், அதை அவள் மறுக்கவில்லை. காலையில் வீட்டுக்காரர் சாவியோடு ஒரு ஒப்படைப்புத் தாளையும் நீட்டினார். பதினேழு வரிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 'சுத்தம்', 'சுத்தமில்லை' என்று இரண்டு கட்டங்கள். “வீட்டைப் பாத்துட்டே போடுங்கம்மா” என்று ஒரே ஒரு முறை சொன்னார், அதையும் பேனாவை நீட்டிக்கொண்டே சொன்னார். சாமான் ஏற்றி வந்த வண்டிக்காரரோ அடுத்த சவாரிக்கு நேரமாகிறதென்று ஹார்னை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தார். வண்டியின் படியில் தாளை வைத்து, மேலிருந்து கீழே மடமடவென்று பதினேழு டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஊரில் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

இப்போது அவளுக்கான நகலை எடுத்துப் பார்த்தாள். பதினேழாவது வரி: படுக்கையறை, கதவுக்குப் பின்னால் உள்ள சுவர். தரை, ஜன்னல், குழாய் என்று மற்ற வரிகளெல்லாம் பொதுவாகத்தான் இருந்தன. இந்த ஒரு சுவருக்கு மட்டும் எதற்குத் தனி வரி என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

“கதவுக்குப் பின்னாடி ஒரு கறை இருக்குங்க. நீங்க ஆள் விட்டுத் துடைச்சுக் குடுத்திருக்கணும்.”

“தாள்ல நீங்களே சுத்தம்னு போட்டிருக்கீங்களேம்மா.” குரலில் கோபமே இல்லை. “கையெழுத்துக்கு முன்னாடின்னா அது என் பொறுப்பு. அப்புறம் உங்க பொறுப்பு. அதுதானே முறை.”

“பாக்காம போட்டுட்டேங்க. நீங்களே வந்து பாருங்களேன்.”

“வரேன், சாயந்திரம் வரேன். முன்னாடி இருந்த அம்மாவும் துடைச்சாங்க. நல்லாத்தான் துடைச்சாங்க.” அதே குரலில், “அவங்க உங்களைவிடக் கொஞ்சம் குட்டை” என்றார்.

அவள் போனைத் தரையில் வைத்தாள்.

வேண்டாமென்று பூட்டிவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் எங்கே போவது. கணவர் போன பிறகு இரண்டு வருடமாகத் தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டு இருந்தாள். தம்பி மனைவி ஒரு சொல்லும் தப்பாகச் சொன்னதில்லை. பாத்திரத்தை வைக்கும் சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். ஆறு மணிக்குத் தம்பி மிச்சச் சாமானோடு அவள் மகளையும் கூட்டிக்கொண்டு வருவான். ஆறு வயது, ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காது, அதனால் பெயரே வாலு என்றாகிவிட்டது. தனக்கென்று ஒரு அறை என்று ஒரு வாரமாக வாலு தூங்கவே இல்லை. இந்த அறைதான் அது. இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டா பிள்ளை தூங்கும்? சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியில் தண்ணீர் பிடித்தாள்.

இடது உள்ளங்கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வலது கையால் தேய்த்தாள். கறை வரத்தான் செய்தது. சுலபமாகவே வந்தது. துணியைப் பிழிந்தபோது வாளித் தண்ணீர் கறுத்து, அதன் மேல் நீளமான நரைமுடி ஒன்று சுருண்டு மிதந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு பிடித்தாள். தேய்க்கத் தேய்க்கப் பிசுக்குக்கு விளிம்பு தெரிந்தது. இது காது. இது கழுத்து. இது தூக்கிய ஒரு கை. அவள் நிறுத்தவில்லை, நிறுத்தினால் இன்னும் பயமாக இருக்குமென்று தோன்றியது. கடைசியாக அந்தக் கை அழிந்தபோது, அறைக்குள் யாரோ வெகுநாளாக அடக்கி வைத்திருந்த மூச்சை விடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது. தெருவில் காற்றும் இல்லை.

சுவர் வெள்ளைவெளேரென்று ஆகிவிட்டது. அப்பாடா என்று இடது கையை எடுத்தாள்.

கை ஊன்றியிருந்த இடத்தில் ஒரு பழுப்பு உள்ளங்கை.

அதையும் துடைத்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள், அது முழங்கை வரை நீண்டது. இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் ரேகைகளைக் காணோம். விரல் நுனிகள் சோப்புக் கட்டி மாதிரி மழமழவென்று இருந்தன. வலது கையும் அப்படியே.

கதவருகே ஓடினாள். தாழ்ப்பாளைப் பிடித்தாள். பிடி வழுக்கியது. முந்தானையைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள், முந்தானை மட்டும் கையோடு வந்தது. தரையில் கிடந்த போன் அடித்தது. தம்பி. திரையை விரலால் தேய்த்தாள், திரைக்கு அவள் விரல் தெரியவே இல்லை. அடித்து அடித்து ஓய்ந்தது. கத்தினாள். அடுத்த அறைக்குக்கூடப் போகாத, வறட்டு இருமல் போன்ற ஒரு சத்தம்தான் வந்தது. தலை சுற்றியது. விழாமல் இருக்கச் சுவரில் சாய்ந்தாள்.

சாய்ந்திருக்கக் கூடாது.

சுவர் இதமாக இருந்தது. முதலில் தோள் ஒட்டியது. பிறகு காது. வலிக்கவில்லை. வலித்திருந்தால் தேவலை. எடுக்கப் பார்த்தாள். எடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை.

வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம். இன்னொரு சாவி திரும்பியது. வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம், தம்பியின் குரல், அதற்கும் முன்னால் தடதடவென்று ஓடி வரும் சின்னக் கால்கள்.

“அக்கா எங்கேயோ வெளிய போயிருக்கா போல” என்றான் தம்பி. “போனையும் எடுக்கலை.”

“வந்துடுவாங்க. நீங்க மிச்சச் சாமானை இறக்குங்க” என்றார் வீட்டுக்காரர். படுக்கையறைக் கதவை வெளியிலிருந்து தள்ளினார். அவள் அத்தனை போராடிய தாழ்ப்பாள் போடப்படவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

வாலு உள்ளே வந்து அறையை ஒரு சுற்றுச் சுற்றினாள். தன் கட்டில் எங்கே வரும், பொம்மை எங்கே தூங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு, எல்லாக் கதவையும் சாத்திப் பார்க்கும் தன் வழக்கப்படி, இந்தக் கதவையும் சாத்தினாள்.

ஓடிப் போ, கண்ணே. தொடாதே. அவள் தன் உயிரையெல்லாம் திரட்டிச் சொன்னாள். சுவரில் லேசாக ஈரம் கசிந்தது.

“ஐய, இங்க மட்டும் அழுக்கா இருக்கு” என்றாள் வாலு. வாளியையும் துணியையும் பார்த்தாள். “அம்மாவுக்கு அழுக்குன்னா பிடிக்கவே பிடிக்காது. வர்றதுக்குள்ள நான் துடைச்சு வைக்கறேன்.”

“நல்ல பிள்ளை” என்றது வெளியிலிருந்து வீட்டுக்காரரின் குரல். “அழுத்தித் துடை.”

வாலு துணியை முக்கிப் பிழிந்தாள். எட்டாததால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். அம்மாவின் முகம் இருந்த இடத்துக்குச் சரியாக அவள் முகம் வந்தது. வாளி ஆடியது. விழுந்துவிடாமல் இருக்க, தன் சின்ன இடது உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, வலது கையால் தேய்க்கத் தொடங்கினாள்.