நடிப்பைப் பிடித்தவள்

உலகம் உருண்டையான நாள் முதல் இன்றுவரை, தூங்குவதுபோல் நடித்த மெஷினைக் கையும் களவுமாகப் பிடித்த ஆள் ஒருத்திதான். வயது ஒன்பது. நம்பாவிட்டால் போங்கள்!

வீட்டில் அவளைச் சந்தேகக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். சூரியன் உதித்தால்கூட, "நேத்து வந்ததுதானா இது?" என்று கேட்பாள்.

அம்மாவின் ரொட்டிக் கடையில் மாவு பிசையும் மெஷின் இருந்தது. யானையைப் போட்டாலும் பிசைந்துவிடும்! அன்று மாலை அது முனகிக்கொண்டே நின்றுவிட்டது.

"போய்ச் சேந்துடுச்சு," என்றார் மாமா. கடையில் ரிப்பேர் வேலையெல்லாம் அவர்தான். மரக்கரண்டியை உள்ளே விட்டுக் கிளறினார். அசையவில்லை. கரண்டியை அப்படியே உள்ளே விட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். "அடியில மாவு இறுகியிருக்கு. கையாலயே நோண்டிடறேன்."

சந்தேகக்காரி மெஷினை முறைத்தாள். முந்தாநாளும் இது நின்றது. யாரும் தொடாமலே மறுபடி சுற்றியது. "கரண்டு போயிட்டு வந்திருக்கும்" என்றார்கள். ஆனால் விளக்கு அணையவே இல்லையே!

"மாமா, கை விடாதீங்க! இது நடிக்குது."

"அப்படியா? மாலை போட்டுடலாமா?"

"முதல்ல பிளக்கைப் புடுங்குங்க."

"பிளக்கு, சுவிட்சு எல்லாம் இன்னிக்கு வந்த மூட்டைக்குப் பின்னாடி மாட்டிக்கிச்சு. ஓடாத மெஷினுக்காக நாலு மூட்டையை எவன் நகத்தறது?"

மாமாவின் கை உள்ளே இறங்கியது. சந்தேகக்காரி பாய்ந்து அந்தக் கையை வெளியே இழுத்து, உடும்பாகப் பிடித்துக்கொண்டாள்.

"விடுடி!"

"பத்து நிமிஷம் பாப்போம். இது எந்திரிக்கலன்னா ஒரு மாசம் உங்க சைக்கிளை நான் தொடைக்கிறேன்."

"டேய், அவ சொல்றதைக் கேளேன்," என்றார் அம்மா.

மூவரும் மெஷினைப் பார்த்தார்கள். மெஷின் மூவரையும் பார்த்தது. மாமா கொட்டாவி விட்டார்.

டக்!

மெஷின் பேய் பிடித்ததுபோல் சுழன்றது. மரக்கரண்டி படாரென்று முறிந்தது. ஒரு பாதி கூரையில் மோதியது. மறுபாதி அடுத்த ஊரில் விழுந்திருக்க வேண்டும், இன்றுவரை கிடைக்கவில்லை.

மாமா நாலு மூட்டையையும் ஒரே மூச்சில் தள்ளினார். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார். அதன் பிறகே மெஷினைக் கழற்றினார். மோட்டாருக்குச் சூடு ஏறினால் தானே நின்றுகொள்ளும். ஆறியதும் தானே கிளம்பும். அதுதான் அதன் திருட்டு வேலை!

மாமா தன் விரல்களை மெதுவாக எண்ணினார். சரியாகப் பத்து. சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினார்.

"நடிச்சது உண்மைதான்டி," என்றார்.